லாரி முற்றத்து ஜன்னல்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் சௌக்கியம், முதுகு மட்டும் தனிக்கட்சி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகனும் மருமகளும் பேத்திக் குட்டியும் நலம்தானே?

போன வாரம் நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் உன் மருமகள்தான் எடுத்தாள். நீ தூங்குகிறாய், குளிக்கிறாய், வெளியே போயிருக்கிறாய், மறுபடி தூங்குகிறாய். இவ்வளவு தூங்குகிற ஆளா நீ? சரி, போனுக்குத்தான் வரமாட்டாய், கடிதத்துக்காவது வருகிறாயா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இப்போது எங்கே வேலை என்று சொன்னால் நம்பமாட்டாய். நம் டப்பா கம்பெனியில்தான்! பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த கட்டிடத்தை வீட்டு வாரியம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இடிக்கவில்லை. உள்ளேயே தளம் போட்டு, சுவர் எழுப்பி, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளாக மாற்றுகிறோம். சின்னச் சம்பளக்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கப் போகிறார்கள். நீ இருபத்தொன்பது வருடம் டப்பா மூடி அடித்த இடத்தில் உன் தம்பி மேஸ்திரியாக நின்று சாந்து குழைக்க வைக்கிறான். ஷட்டரைத் தூக்கியதும் ஒரு படை புறா வெளியே போனது. தரையைச் சுரண்டினால் இன்னமும் வட்ட வட்டமாகத் தகரம் வருகிறது. ஒன்றை என் டீ டம்ளருக்கு மூடியாக வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் ஒரு பங்கு வீடுகள் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு. பழைய டோக்கன் ஒன்றைக் காட்டினால் போதும். உன்னுடையது முப்பத்தெட்டு, தொலைத்திருக்கமாட்டாய். நவம்பரில் உன் மகனுக்கு இடமாற்றம் என்றும், அங்கே கிடைப்பது இரண்டே அறை என்றும் கேள்விப்பட்டேன். அதில் நீ எங்கே படுப்பாய்? சமாளித்துக்கொள்வேன் என்று எழுதாதே. இங்கே உனக்கென்று ஒரு கதவும் அதற்கு உன் கையில் ஒரு சாவியும் இருக்கும். ஏப்ரல் முப்பதுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மூடிப் பிரிவில் வரைபடம் பன்னிரண்டு தூண் காட்டுகிறது. எனக்கு என்னவோ கணக்கு உதைக்கிறது. உனக்கு எத்தனை என்று நினைவிருக்கிறதா?

முதுகு வலியுடனும் அன்புடனும்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது, அவ்வப்போது எதிர்த்துப் பேசுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. உன் மனைவி இந்த மாதமாவது வந்து பார்த்தாளா, இல்லை உன் லட்சணம் தெரிந்து ஊரிலேயே இருந்துவிட்டாளா?

பன்னிரண்டு இல்லை, பதினான்கு. வரைபடம் போட்டவன் உள்ளே வந்தே பார்த்திருக்கமாட்டான். ஒரு தூண் ஸ்டோர் ரூம் சுவருக்குள் இருக்கிறது. இன்னொன்று சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குப் பின்னால், பலகை அடித்து மறைத்திருப்பார்கள். அப்புறம், கிழக்கிலிருந்து ஏழாவது தூணை நம்பாதே. அதில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். ஒரு தடவை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று முந்தின நாள் பிட்டர் அந்த விரிசலை மக்குப் பசை பூசி மறைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டான். நாங்கள் அறுபது பேரும் அந்தத் தூணைச் சுற்றி வளைத்துத்தான் நடப்போம். நீ அதன்மேல் நாலு குடும்பத்தை ஏற்றி வைக்காதே.

வீட்டு விஷயம் படித்தேன். இரண்டு மூன்று தடவை படித்தேன். மனுவை அனுப்பு, பார்க்கலாம்.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் இதற்குப் பதில் எழுது. லாரி முற்றத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள் இருக்குமே, இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கும், அவற்றை அப்படியே விட்டிருக்கிறீர்களா? இந்தப் பக்கம் நின்றால் எதிர்ப்பக்கம் நிற்கிறவள் முகம் தெளிவாகத் தெரியுமா?

போன் எனக்கு ஒத்துவராது. அதில் ஆள் முகம் தெரிவதில்லை. கடிதமே எழுது.

உன் தலையில் நிறையக் குட்டிய கையால்,
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஏழாவது தூணைச் சுரண்டிப் பார்த்தேன். என் கட்டைவிரல் உள்ளே போகிறது! என்ஜினியர் மூன்று நாளாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டார். டோக்கன் முப்பத்தெட்டு என்றேன். பதினான்கு தூணும் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தன. நான் இங்கே ராஜா மாதிரி நடக்கிறேன், எல்லாம் உன் தயவு.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு டோக்கன் நகலோடு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கவலையே படாதே. பிளான் போட்ட பெண், எல்லோரும் அவளைப் பிளான்காரம்மா என்போம், அந்த ஜன்னல்களை அப்படியே விட்டிருந்தாள். நான்தான் சண்டை போட்டேன். குறைந்த வாடகைக்காரன் என்றால் அவன் சாப்பிடுவதையும் தலை துவட்டுவதையும் எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எல்லாவற்றையும் தலை உயரத்துக்கும் மேலே வரை செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மட்டும் திறப்பு. முற்றத்தில் நின்று எக்கிப் பார்த்தாலும் ஒரு முகம் தெரியாது. வாரியத்துப் பெரியவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். நீ யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக இருக்கலாம்.

இன்னும் இரண்டு கேள்வி. தரையில் எண்ணெய் ஊறிப்போன மூலை எது? அந்தச் சூப்பர்வைசருக்கு நீங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தீர்களே, அது என்ன?

குட்டிக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது. வெயில்.

எண்ணெய் ஊறியது வடமேற்கு மூலை. அந்த ஆளின் பெயர் கொக்கு.

அந்த வீடு எனக்கு வேண்டாம். மனுவை அனுப்பவில்லை, தேதியும் போய்விட்டது. மாடி ஏற என்னால் ஆகாது. குட்டியும் என்னை விட்டு இருக்கமாட்டாள். நீ அக்கறையாகச் செய்தாய், அது எனக்குத் தெரியும். இன்னொரு மனு அனுப்பாதே.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


மே 14

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை, அதனால் நலம் விசாரிக்கவும் மனம் வரவில்லை.

மார்ச்சில் ஜன்னல் எப்படி, முகம் தெரியுமா என்று கேட்டவள் மே மாதம் மாடி ஏற முடியாது என்கிறாய். நான் உனக்குத் தரைத்தளம்கூடக் கேட்டு வாங்கியிருப்பேன். பழைய ஆட்கள் குறைவாகத்தான் மனுப் போட்டிருக்கிறார்கள் என்று தேதியை ஜூன் முப்பது வரை நீட்டியிருக்கிறார்கள்.

இனி மறைத்துப் பயனில்லை. பிப்ரவரியில் உன் மகன் எனக்குப் போன் செய்தான். குட்டி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அழுதிருக்கிறாள், நீ அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்றான். உன் மருமகள் வேலையிலிருந்து வந்துதான் தாழை நெம்பிக் கதவைத் திறந்தாளாம். கேட்டதற்கு நீ மறந்துவிட்டேன் என்றாயாம். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கும் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னாயாம். "அம்மாவுக்கு நினைவு போய்க்கிட்டிருக்கு மாமா, நவம்பர்ல எங்களோட கூட்டிட்டுப் போக முடியாது"ன்னு அழுதான். நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறான். அவன்மேல் கோபப்படாதே. அவன் பயந்துபோயிருக்கிறான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குக் கேள்வி அனுப்பினேன். தூண் எத்தனை, மூலை எது, பட்டப்பெயர் என்ன. எனக்குத் தெரிய வேண்டியதும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் நினைவைத் தொட்டுப் பார்க்கத்தான் கேட்டேன். நினைவு போனவள் ஏழாவது தூணை எப்படிச் சொல்வாள்? பதினைந்து வருடத்துக்கு முந்தின மக்குப் பூச்சை எப்படிச் சொல்வாள்?

அன்றைக்கு என்னதான் நடந்தது அக்கா? எனக்காவது சொல்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

எனக்குப் பரீட்சையா வைத்தாய்? ஒன்பதாம் வாய்ப்பாட்டை உனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். எத்தனை மதிப்பெண் போட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

கோபம் தணிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கடிதத் தாளை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு மருமகள் வந்து கத்தினாள். குழந்தையின் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் உயிரே போய்விட்டது. "மறந்துட்டேன்"னு வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே என்னிடம் கேள்வி கேட்டார். நானும் ஏதோ சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு குழந்தையை என்னிடம் விடுவதில்லை. காலையில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். இல்லத்தைப் பற்றி எனக்கும் தெரியும். அங்கே தோட்டம் இருக்கிறதாம். எல்லா இடமும் எனக்கு ஒன்றுதான். மகனோடு நீ சண்டைக்குப் போகாதே. எனக்கு ஜன்னல், சுவர் என்று இனி எதுவும் எழுதாதே.

நீ நன்றாக இரு.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

நூற்றுக்கு நூறு போட்டேன். நீ எழுதாதே என்றதைத்தான் எழுதப் போகிறேன், என்னைத் திட்டிக்கொள்.

மாதிரி வீடு ஒன்றை முடித்து வைத்திருக்கிறோம். நேற்று அதைப் பார்க்க உங்கள் மூடிப் பிரிவுக்காரிகள் பதினேழு பேர் வந்தார்கள். நான் யாரென்று சொல்லவில்லை, தொப்பி போட்ட மேஸ்திரியாகத்தான் நின்றேன். முன்னால் வந்தவள் உயரமாக, தடித்த கண்ணாடி போட்டவள். டோக்கன் நாற்பத்தொன்று என்றாள். என்னை உற்றுப் பார்த்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள், மோவாயைத் தொட்டாள், கையை விரித்தாள். உடனே பின்னாலிருந்த அத்தனை பேரும் மூக்கைத் துடைக்கிறார்கள்! தூசி தாங்கவில்லைபோல என்று நான் ஓடிப்போய் முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அதற்கு ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சமையலறை மேடையைத் தொடவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நேராக நான் அடைத்த சுவருக்கு முன்னால் போய் நின்றார்கள். நாற்பத்தொன்று திரும்பி என்னிடம் கேட்டாள்.

"இதை யாரு அடைச்சது?"

நான்தான் என்றேன். எட்டிப் பார்க்கிறவர்கள் தொல்லை இருக்காது என்று விளக்கினேன்.

"எதிர்ல இருக்கிறவ மூஞ்சி தெரியலைன்னா நாங்க எப்படிப் பேசுறது?"

எனக்குப் புரியவில்லை. அடைக்காமல் மிச்சம் இருந்த ஜன்னல் ஒன்று பக்கத்து அறையில் இருந்தது. என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி நின்றாள். கீழே கலவை இயந்திரம் ஓடுகிறது, டைல்ஸ் அறுக்கிறார்கள், எனக்கு என் குரலே கேட்கவில்லை. இவள் கையை அசைத்தாள், வாயை மட்டும் திறந்து மூடினாள். அவள் பதில் சொன்னாள். இவள் சிரித்தாள். பிளான்காரம்மா பிரமித்துப்போய் நின்றாள். கொதிகலன் வெடித்த நாளில்கூட இப்படித்தான் ஒருத்திக்கொருத்தி சொல்லி ஒரு நிமிடத்தில் அறுபது பேரும் வெளியே வந்தோம் என்றாள் நாற்பத்தொன்று.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். நான் சுவரைப் பார்த்துப் பேசினால் ஒருத்தியும் பதில் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே பேசினால் டக்கென்று பதில் வருகிறது. பின்னால் ஒரு இரும்புத் தகடு தடாலென்று விழுந்தது. நான் துள்ளினேன். பதினேழு பேரில் மூன்று பேர்தான் திரும்பினார்கள். நாற்பத்தொன்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த மிஷின் பக்கத்துல மூடி அடிச்சவ எவளுக்குக் காது கேக்குது, தம்பி?"

அக்கா, போனில் முகம் தெரிவதில்லை என்று எழுதினாய். டாக்டர் முகமூடி போட்டிருந்தார் என்று எழுதினாய். அன்றைக்கு நீ கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாயா?

உனக்கும் காது கேட்கவில்லை, இல்லையா? குழந்தை அழுதது உனக்குக் கேட்கவே இல்லை. நீ மறக்கவில்லை.

எத்தனை வருடமாக அக்கா? நான் எத்தனை தடவை உன் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறேன்?

தம்பி


ஜூன் 22

அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறேன்.

வாரியத்துப் பெரியவரிடம் போனேன். தோளில் தட்டிக் கொடுத்த அதே மனிதரிடம், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். நாற்பத்தொன்றும் கூட வந்தாள். பிளான்காரம்மா பழைய வரைபடத்தைச் சுருட்டித் தயாராகக் கொண்டுவந்திருந்தாள், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அடைத்த சுவர்களை நானே இடிக்கிறேன். முப்பத்தொன்றில் இருபது முடிந்தது. கீழ்ப்பாதிக்கு மரக்கதவு வைக்கிறோம், மறைவு வேண்டுமென்றால் சாத்திக்கொள்ளலாம், பேச வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம். இதை முதலிலேயே யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

மனுவை நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. முப்பதாம் தேதிக்குள் வர வேண்டும். உனக்கு இஷ்டமில்லை என்றால் அதையாவது எழுது.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

நான் சுகம். இது பொய்யில்லாத சுகம்.

உன் கடிதம் வந்த அன்று அதை என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். அடுத்தது வந்த பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் மகன் கையில் கொடுத்தேன். என் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, உன் எழுத்தால் சொன்னேன்.

ஆமாம், கேட்கவில்லை. கம்பெனியில் இருந்தபோதே பாதி போய்விட்டது. எல்லோருக்கும் அப்படித்தான், அதனால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. உன் அத்தான் இருந்தவரை சமாளித்தேன். அவர் பேசுவதற்கு முன்னால் மேசையைத் தட்டுவார், நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு. இங்கே வந்த பிறகு மிச்சமும் போனது. இங்கே பேசுகிறவர்கள் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒருவர் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறார், ஒருவர் போனைப் பார்த்துப் பேசுகிறார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் குழந்தையை என்னிடம் விடமாட்டார்கள். அவள் தூங்கும்போது முதுகில் கையை வைத்துக்கொண்டே இருப்பேன், இருமினால் கைக்குத் தெரியும். என்னால் முடியும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் அரைமணி நேரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் என்னால் சாப்பிட முடியவில்லை. கேட்கவில்லை என்பதைவிட மறந்துவிட்டேன் என்பது அந்த நேரத்துக்குச் சுலபமாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஜன்னலை அடைக்கிறேன் என்று நீ எழுதியபோது, இங்கே தலையாட்டிக்கொண்டு இருப்பதற்கும் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அதனால்தான் வேண்டாம் என்றேன். நீ ஆசையாகச் செய்ததைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

மகன் இரண்டு கடிதத்தையும் படித்தான். நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டான். இங்கே வந்த இந்த ஆறு வருடத்தில் அவன் சொன்ன ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மிஷின் மாட்டியிருக்கிறார்கள். அதில் தட்டு வைப்பது இடி மாதிரி கேட்கிறது, பேச்சு பாதிதான் வருகிறது. மீதிப் பாதிக்கு முகம் வேண்டும். இல்லத்துக்குச் சொல்லி வைத்ததை ரத்து செய்துவிட்டான். தங்களோடு வந்துவிடு என்கிறான். வேண்டாம், எனக்கு ஜன்னல் இருக்கிற வீடு வந்திருக்கிறது என்று சொன்னேன். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அவனே கொரியரில் அனுப்புகிறான்.

மூக்கைத் துடைத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பள்ளிக்கூடம் விட்டு என்னோடு வீட்டுக்குப் போவதற்காக மூடிப் பிரிவு வாசலில் வந்து நிற்பாய், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். எங்கள் கைப்பேச்சில் உன் பெயரே அதுதான். என் மோவாயில் மச்சம், அதனால் மோவாயைத் தொட்டால் நான். மூக்கொழுகி, உன் அக்கா எங்கே என்று உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நீ தண்ணீர் தெளித்திருக்கிறாய்.

நாற்பத்தொன்றைப் பார்த்தால் மோவாயைத் தொட்டுவிட்டு, உள்ளங்கையை உன் பக்கமாக இரண்டு தடவை இழு. வருகிறாள் என்று அர்த்தம். மூக்கை நன்றாகத் துடைத்துக்கொண்டு போய்ச் சொல்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

சௌக்கியம். மிஷின் பழகிவிட்டதா?

குலுக்கல் முடிந்தது. உனக்குத் தென்பக்கக் கட்டிடம், இரண்டாம் மாடி. லிப்ட் உண்டு, முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. நாற்பத்தொன்று வடபக்கம், உனக்கு நேர் எதிரே இல்லை, இரண்டு ஜன்னல் தள்ளி. அது போதும், பழைய காலத்தில் நாலு மிஷின் தள்ளியே பேசியிருக்கிறோம் என்கிறாள். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மூடிப் பிரிவுக்காரிகள் வீட்டுக்கெல்லாம் அழைப்பு மணியோடு ஒரு விளக்கும் போட வைத்திருக்கிறேன். மணி அடித்தால் விளக்கு மின்னும். நீ கேட்காமலே செய்தது, இந்தத் தடவை முதலில் நாற்பத்தொன்றிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

உங்கள் பாஷை கொஞ்சம் கற்றுக்கொண்டேன். போன வாரம் பன்னிரண்டு பேர் சாவி விவரம் கேட்க வந்திருந்தார்கள். பெருமையாகக் கழுத்தை இழுத்துக் காட்டி வணக்கம் சொன்னேன். உடனே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது வணக்கம் இல்லையாம். கொக்கு வருகிறான், வேலையைப் பார் என்று அர்த்தமாம். இன்றைக்கும் அந்த ஆளுக்குப் பயப்படுகிறீர்கள்.

அடுத்த வேலை வேறு ஊரில், பழைய சோப்புக் கம்பெனி ஒன்று. அக்டோபரில் கிளம்புகிறேன். உன் சாவியை நாற்பத்தொன்றிடம் கொடுத்து வைப்பேன். நீ குடி வரும்போது நான் இருக்கமாட்டேன் என்பதுதான் வருத்தம். அந்த ஜன்னல் சட்டத்துக்கு நானே பெயிண்ட் அடித்தேன், கொஞ்சம் வழிந்திருக்கும், மன்னித்துக்கொள்.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். சுகம். சோப்புக் கம்பெனி எப்படி இருக்கிறது? அங்கே எதையாவது அடைப்பதற்கு முன்னால் யாரையாவது கேள்.

பெயிண்ட் வழிந்துதான் இருக்கிறது. நாற்பத்தொன்று அதை முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். காலையில் எழுந்ததும் மரக்கதவைத் திறக்கிறேன், அவள் ஏற்கெனவே நிற்கிறாள். உன்னைப் பற்றியும் கொக்கைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் பேசி முடிக்க எட்டு மணி ஆகிவிடுகிறது. ஒரு சத்தம் கிடையாது. மூன்றாம் மாடியில் புதிதாக வந்த ஓட்டுநர் குடும்பம், நாங்கள் கிழவிகள் எல்லோரும் ஜன்னலில் நின்று உடற்பயிற்சி செய்கிறோம் என்று நினைத்திருக்கிறது. இப்போது அந்த வீட்டுப் பெண்ணும் நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டுவிட்டாள். மிஷினை வெளியே போகும்போது மாட்டிக்கொள்கிறேன், வீட்டில் அதற்கு வேலையில்லை.

நேற்று மகனும் மருமகளும் குட்டியும் வந்தார்கள். இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால், அவர்களோடு இருந்த கடைசி நான்கு மாதமும் குட்டிக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தேன், தண்ணீர், பசி, வலி, வா, போ என்று. விளையாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை மனதில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வண்டியிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் முன்னால் ஓடி வந்து, வழி தவறி, எதிர்ப்பக்கக் கட்டிடத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே போய் அதைச் சாத்திவிட்டாள். உன் ஆட்கள் வைத்த தாழ்ப்பாள்தான், அவள் பலத்துக்குத் திறக்கவில்லை. நான் ஜன்னலில் நின்றேன். கம்பிக்குள் அவள் முகம் தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு அழப் போனாள். எனக்கு அந்தக் குளியலறைக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. மோவாயைத் தொட்டாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சாவி திருப்புகிற மாதிரி திருப்பிக் காட்டினாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவளாகச் செய்தது.

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. முழங்காலாவது ஒன்றாவது, படியில் இறங்கிப் போய்த் திறந்தேன். மகன் இரண்டு கையிலும் பையோடு ஓடி வந்து நின்றான். அவள் ஒரு சத்தம்கூடப் போடவில்லையே என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்படிம்மா தெரிஞ்சது?"

"கூப்பிட்டா, வந்தேன்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முற்றத்தில் நின்று மூக்கைத் துடை, நான் ஜன்னலுக்கு வருகிறேன்.

அக்கா